ஜகார்த்தா 1962: மேனாம்பேட்டுப் பாடபேதம்

1962ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவின் செனயான் விளையாட்டரங்கில், நான்காம் ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்து இறுதியாட்டத்தில், இந்திய அணி தென் கொரிய அணியை 2-1 என்னும் கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. இது ஏட்டில் உள்ள வரலாறு. எம் இல்லத்தில் வழங்கிவந்த வரலாறு சற்றே வேறானது. அதன்படி நம் அணி 3-2 என்று வென்றது. ஆடிய பதினொருவரும் வெறுங்காலர். அவர்களுள் ஒருவர் தலையிலிருந்து குருதி சொட்டச் சொட்ட ஆடிக் கோல் அடித்தார். கடைசி நிமிடத்தில் வந்த பந்தைத் தங்கராசு என்னும் 'நம்ம பட்டாளத்துக்காரர்' பறந்து பிடித்தார்.

இவ்விரண்டாம் வரலாற்றின் ஆசிரியர் எம் தந்தையார். அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் பிறந்து இன்றளவும் அங்கேயே வாழ்ந்துவருபவர். ஜகார்த்தா எத்திசையில் உள்ளதென்று அறியாத பதினான்கு வயதில் அச்செய்தியைக் கேட்டவர். அவர் கூறியதில் எது மெய், எது பிழை, பிழையாயின் அது எங்கிருந்து வந்து புகுந்தது என்று தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை. விளையாட்டு வரலாறு எம் துறையன்று. நாம் தமிழ் கற்பிப்பவர். ஆயினும் ஏட்டுப் பாடத்தையும் வாய்மொழிப் பாடத்தையும் ஒப்புநோக்குவது எம் தொழிலுக்குப் புறம்பானதும் அன்று.

*

இக்கதையை நாம் முதன்முதலிற் கேட்ட இரவு நன்றாக நினைவில் உள்ளது. 1986ஆம் ஆண்டு சூன் 29, ஞாயிற்றுக்கிழமை. எமக்கு அப்போது எட்டு வயது. மெக்சிகோவில் அர்ஜென்டினாவும் மேற்கு ஜெர்மனியும் மோதிய உலகக் கோப்பை இறுதியாட்டத்தைத் தூர்தர்சன் நேரடியாக ஒளிபரப்பியது. அங்கே நண்பகல், நமக்கோ இரவு பதினொன்றரை. எம் தெருவில் இரண்டே வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அவற்றுள் ஒரு வீட்டின் கூடத்தில், கறுப்பு வெள்ளைச் சாலிடேர் பெட்டியின் முன், முப்பது பேராவது நெருக்கியடித்து அமர்ந்திருந்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டுக்குப் போகவேண்டியவர்களும் அவர்களுள் இருந்தனர். மொட்டை மாடியில் ஓர் இளைஞர் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருக்க, "தெரியுதா?", "இன்னும் கொஞ்சம்", "போதும், போதும்" என்னும் குரல்கள் படிக்கட்டில் ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தன.

இடைவேளையில்தான் தந்தையார் பேசத் தொடங்கினார். மாரடோனாவைப் பற்றிக் கூடமே பேசிக்கொண்டிருந்தபோது, எம் தோளில் கைபோட்டு, எமக்கு மட்டும் கேட்கும் குரலில், "நாமளும் ஜெயிச்சிருக்கோம், தெரியுமா?" என்றார். பிறகு ஜகார்த்தாவைச் சொன்னார். தங்கராசு பறந்து பந்தைப் பிடித்ததைச் சொல்லும்போது, இருந்த இடத்திலிருந்தே இரு கைகளையும் உயர்த்தினார். முன்னால் அமர்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அன்றிரவு அர்ஜென்டினா 3-2 என்று வென்றது. பின்னிருந்து வந்து ஜெர்மனி சமன் செய்ததும், மாரடோனா நீட்டிக் கொடுத்த பந்தோடு புருச்சாகா ஓடி மூன்றாவது கோலை அடித்ததும் எங்கோ ஓர் அயல்நாட்டின் வெற்றி. ஆயினும் அக்காட்சிகள் எம் நெஞ்சில் படமாக உள்ளன. ஜகார்த்தா எம் நாட்டின் வெற்றி. அதற்கோ எம்மிடம் ஒரு படமும் இல்லை; தந்தையாரின் உயர்த்திய கைகள் மட்டுமே உண்டு.

*

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், கத்தார் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்த நாள்களில், எம் கல்லூரி வகுப்பறையில் புறத்திணைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணே விழுப்புண் என்றும், புறமுதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்தலும் உண்டென்றும் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். மெஸ்ஸியின் பெயர் பொறித்த சட்டை அணிந்திருந்தார். "ஐயா, நம்ம நாடு ஃபுட்பால்ல பெருசா எதுவுமே ஜெயிச்சதில்லையா?" என்று கேட்டார். பாடத்துக்குத் தொடர்பற்ற வினா. ஆனால் விழுப்புண் என்னும் சொல் வாயில் இருந்தமையால், தலையில் புண்பட்டும் ஆடிய ஜகார்த்தா வீரர் எம் நினைவுக்கு வந்துவிட்டார்.

தந்தையார் சொன்னவாறே சொன்னோம். வெறுங்கால், குருதி, 3-2, தங்கராசு, எல்லாவற்றையும் சொன்னோம். வகுப்பு அமைதியாகக் கேட்டது. முடித்தபோது அம்மாணவர் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்ந்து, சற்றே தயங்கி, "ஐயா, 2-1ன்னு போட்டிருக்கு. போட்டோல எல்லாரும் பூட்ஸ் போட்டிருக்காங்க" என்றார்.

எவரும் நகைக்கவில்லை. நகைத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். இருபது ஆண்டுகளாக மாணவர்க்கு, மூலத்தைப் பாராமல் மேற்கோள் காட்டாதீர் என்று கூறிவந்தவர், மூலத்தைப் பாராமல் ஒரு வெற்றியையே மேற்கோள் காட்டி நின்றோம். அன்று மாலையே தேடத் தொடங்கினோம்.

*

முதலில் வெறுங்கால்.

இந்தியக் கால்பந்தையும் வெறுங்காலையும் பிணைத்துப் பேசும் மரபுக்கு வலுவான வேர் உண்டு. 1911 சூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. பூட்ஸ் அணிந்த ஆங்கிலப் படைவீரரை, ஒருவர் நீங்கலாக வெறுங்காலுடன் ஆடிய வங்க இளைஞர் வென்றனர். அடிமை நாட்டில் அது ஆட்டமாக மட்டும் நின்றுவிடக்கூடியதன்று. விடுதலைக்குப் பின், 1948 இலண்டன் ஒலிம்பிக்கிலும் நம் வீரர் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினர். பிரான்சிடம் 1-2 என்று தோற்ற அவ்வாட்டத்தில் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. நம் அணியின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அதுவே.

1950ஆம் ஆண்டு பிரேசில் உலகக் கோப்பைக்கு இந்தியா போகாமைக்கும் வெறுங்காலே காரணம் என்பர். கதை சுவையானது, ஆனால் நீண்ட பயணம், அணியை ஆயத்தம் செய்வதிலிருந்த தடைகள், ஒலிம்பிக்கைவிட உலகக் கோப்பையைச் சிறிதாகக் கருதிய அந்நாளைய மனப்போக்கு ஆகியவற்றையே ஆய்வாளர் பெரிதும் சுட்டுவர். வெறுங்காலின் காலம் உண்மையில் முடிவுக்கு வந்தது எல்சிங்கியில். 1952 ஒலிம்பிக்கில், குளிர்ந்த மண்ணில், யுகோசுலாவியாவிடம் நாம் 1-10 என்று தோற்றோம். அதன் பின்னரே பூட்ஸ் கட்டாயமாயிற்று.

எனவே 1962இல் நம் வீரர் எவரும் வெறுங்காலர் அல்லர். தந்தையார் பாடம் இங்கே தெளிவாகப் பிழைபடுகிறது. பிழை சிறிதன்று என்பதும் தேடத் தேடப் புலனாயிற்று. வெறுங்கால் என்று சொல்லும்போது, அவ்வெற்றி ஏழைகளின் மனவுறுதியால் விளைந்த அற்புதம் என்று ஆகிவிடுகிறது. பூட்ஸ் அணிவித்தவர், பயிற்றுவித்தவர், திட்டமிட்டவர் எல்லாரும் மறைந்துபோகின்றனர். ஜகார்த்தாவில் அவ்வாறு மறைந்துபோகக் கூடாத ஒருவர் இருந்தார்.

*

சையது அப்துல் ரஹீம் 1909இல் பிறந்தவர். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950 முதல் இறக்கும்வரை இந்திய அணியின் பயிற்சியாளர் அவரே. 1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று தங்கம் பெற்றதும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டி சூசா மூன்று கோல்கள் அடிக்க ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி நான்காம் இடம் பெற்றதும் அவர் காலத்தன.

அவருடைய பயிற்சி முறை ஆசிரியர் ஒருவரின் பயிற்சி முறையாகவே இருந்தது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வித்தை காட்டும் பழக்கத்தை ஒழிக்க, பந்தைத் தட்டியபடி ஓடக் கூடாது என்னும் விதியோடு இளைஞர்க்குப் போட்டிகள் நடத்தினார். வலக்கால் வழக்கமுடையோர் இடக்காலாலும் ஆடப் பழக, வழக்கமற்ற காலால் மட்டுமே ஆடும் போட்டிகளையும் நடத்தினார். பெற்ற பந்தை உடனே மற்றவர்க்கு வழங்குதல், ஒரு வீரர் பல இடங்களிலும் ஆடும் திறம் பெறுதல் ஆகிய இரண்டையும் அவர் வலியுறுத்தினார். இவற்றுள் பின்னதே ஜகார்த்தாவில் கைகொடுத்தது.

அப்போட்டியின் தொடக்கம் நன்றாக இல்லை. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். கொரியா அப்போது, 1956, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆசியக் கோப்பையை வென்றிருந்த அணி. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். ஆனால் அவ்வாட்டத்தில் தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போடவேண்டியதாயிற்று. சப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தோம்.

இங்கேதான் ரஹீம் தம் முடிவை எடுத்தார். தையலிட்ட தலையோடு உயரப் பந்துகளை முட்டித் தடுப்பது கடினம். ஆனால் ஜர்னைலின் வலிமையை இழக்கவும் இயலாது. எனவே தடுப்பாட்டக்காரரைத் தாக்குதலின் நடுவில் நிறுத்தினார். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் இந்தியா 3-2 என்று வென்றது. ஜர்னைல் அதில் ஒரு கோல் அடித்தார். இறுதியாட்டத்திலும் அவரே நடுத் தாக்குதலில் நின்றார்.

தங்கராசு என்று தந்தையார் சொன்ன பீட்டர் தங்கராஜின் கதை இதற்கு நேர்மாறானது. செகந்திராபாத்திலிருந்து 1953இல் படையிற் சேர்ந்து, நீலகிரியில் வெல்லிங்டனிலுள்ள மதராசுப் படைப்பிரிவு மைய அணிக்கு ஆடியவர். தொடக்கத்தில் அவர் நடுத் தாக்குதல் வீரர். பின்னரே கோல் காப்பாளராக மாறினார். ஆறடியையும் கடந்த உயரம். 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் அப்படைப்பிரிவு அணி துராந்து கோப்பையை வென்றது. ஆக, ஜகார்த்தாவில் தாக்குதல் வீரராயிருந்தவர் கோலைக் காத்தார். தடுப்பு வீரராயிருந்தவர் கோலை அடித்தார். காய்ச்சலால் அரையிறுதியில் ஆடாத தங்கராஜை, உயரப் பந்துகளை அனுப்பவல்ல கொரியருக்கு எதிராக இறுதியாட்டத்தில் ரஹீம் மீண்டும் நிறுத்தினார்.

அவ்வணியிலிருந்த துளசிதாஸ் பலராமும் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். படைமுகாம்களின் பக்கத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்த இருவர் அன்று ஆசியாவின் தலைசிறந்த அணியில் இருந்தனர். 'நம்ம பட்டாளத்துக்காரர்' என்று தந்தையார் சொன்னது இவ்வகையில் பொய்யன்று. ஆவடிப் பக்கத்துப் படையினர் யாரோ அந்நாளில் அவ்வாறு பேசிக்கொண்டதை அவர் கேட்டிருக்கலாம்.

*

இறுதியாட்டத்தின் சூழலையும் சொல்லியாக வேண்டும். இசுரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா நுழைவு அனுமதி மறுத்திருந்தது. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரான இந்தியர் ஜி.டி. சோந்தி இதனைக் கண்டித்தார். ஜகார்த்தா கொந்தளித்தது. இறுதியாட்டத்துக்கு முதல்நாள் இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. நம் வீரர் சென்ற பேருந்தில் இந்தியா என்பதற்கான அடையாளங்கள் மறைக்கப்பட்டன என்றும், தலைப்பாகை கண்டு இனங்காணாதிருக்க ஜர்னைல் குனிந்து அமர்ந்து வந்தார் என்றும் உடன் சென்றோர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர்.

ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் அரங்கில். நாட்டுப்பண் இசைத்தபோதே கூச்சல் எழுந்தது. இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தோர் மிகச் சிலர். அவர்களுள், ஹாக்கி இறுதியில் நம்மை வென்றிருந்த பாகிஸ்தான் வீரரும் இருந்தனர் என்பது வீரர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. அக்கூச்சலுக்கு நடுவே, முதல் இருபது நிமிடங்களுக்குள், பி.கே. பானர்ஜி ஒன்றும் ஜர்னைல் சிங் ஒன்றுமாக இரண்டு கோல்கள் விழுந்தன. ஆட்டம் முடியும் தறுவாயில்தான் கொரியா ஒரு கோலைத் திருப்பிற்று. தலைவர் சுனி கோசுவாமியின் அணி தங்கம் வென்றது.

ரஹீமுக்கு அப்போது புற்றுநோய். தமக்குப் பரிசாக அத்தங்கத்தைப் பெற்றுத் தருமாறு அவர் வீரர்களைக் கேட்டதாகக் கூறுவர். ஒன்பது மாதங்கள் கழிந்து, 1963 சூன் 11 அன்று, தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார்.

இத்தனை பெரிய வெற்றியை நாடு ஏன் மறந்தது? ஒரு காரணம் நாட்காட்டியிலேயே உள்ளது. இறுதியாட்டத்துக்குப் பின் நாற்பத்தாறாம் நாள், அக்டோபர் 20 அன்று, சீனப் போர் மூண்டது. அவ்வாண்டை நினைப்போர்க்கு அதுவே நினைவு. மற்றொரு காரணம், வெற்றி தொடராமை. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடமும், 1970 பாங்காக் ஆசியப் போட்டியில் வெண்கலமும் பெற்றோம். அதன்பின் ஆசியப் போட்டிகளில் கால்பந்துப் பதக்கம் என்பதே இல்லை. தொடர்ச்சியற்ற வெற்றியைப் பேணுவாரில்லை. பழந்தமிழர், வீழ்ந்த மறவனுக்குப் பெயரும் பீடும் எழுதி நடுகல் நாட்டினர். வென்று உயிரோடு திரும்பிய இவர்களுக்கோ அதுவும் வாய்க்கவில்லை. தங்கராஜ் 2008இலும், பி.கே. பானர்ஜியும் சுனி கோசுவாமியும் 2020இலும், பலராம் 2023 பிப்ரவரியிலும் மறைந்தனர். ஒவ்வொரு மறைவின்போதும் ஒருநாள் செய்தி, அவ்வளவே.

*

இத்தனையையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ஒரு ஞாயிறு மாலை தந்தையாரின் முன் அமர்ந்தோம். இதனை அவரிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று பல வாரங்கள் தயங்கியிருந்தோம். முதுமையில் ஒருவரிடம் எஞ்சியிருப்பன சில கதைகளே. அவற்றுள் ஒன்றை எடுத்து, இது பிழை, இது மெய் என்று கோடிட்டுத் திருப்பித் தருவது மகன் செய்யக்கூடியதா என்னும் ஐயம் இருந்தது. ஆனால் ரஹீமை அறிந்த பின், அவரை மறைக்கும் ஒரு கதையை அப்படியே விட்டுவைக்கவும் மனம் ஒப்பவில்லை.

சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். 2-1 என்றதற்குத் தலையசைத்தார். "அப்படியா? நான் மூணுன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். அந்த 3-2 அரையிறுதியின் கணக்கா, எம் தோளில் கைபோட்டுப் பார்த்த மெக்சிகோ ஆட்டத்தின் கணக்கா என்பதை அவராலும் பிரித்தறிய இயலவில்லை. எம்மாலும் இயலவில்லை. அன்று இடைவேளையில் அவர் எமக்குச் சொன்ன எண் எது என்பதே இப்போது எமக்கு உறுதியாக இல்லை.

பூட்ஸ் என்றதும் அவர் நிமிர்ந்தார். "ஏம்பா, அவங்க எல்லாருமா போட்டிருந்தாங்க?"

"எல்லாரும்தாம்பா. போட்டோ இருக்குது."

கைப்பேசியில் படத்தைக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கைப்பேசியைத் தந்துவிட்டு, "அப்ப வெறுங்காலோட ஆடினது நாங்கதான்" என்றார்.

அதன் பின் அவர் சொன்னது, நாற்பத்தைந்து ஆண்டுகளாக அவரோடு வாழ்ந்தும் நாம் ஒருமுறையும் கேளாதது. செப்டம்பர் 5 காலை, அம்பத்தூரில் சில வீடுகளுக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகையில், தேநீர்க் கடை வானொலியின் தமிழ்ச் செய்தியில் அவர் அதனைக் கேட்டார். அன்று மேனாம்பேடு செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர். சுற்றிலும் வயல். அம்பத்தூரில் சைக்கிள் ஆலையும் டயர் ஆலையும் வந்திருந்தன. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்தது. தொழிற்பேட்டை இன்னும் வரவில்லை. செய்தியைக் கேட்ட சிறுவன் பால்தூக்கோடு பள்ளிக்கே ஓடினான்.

அந்நாள் ஆசிரியர் நாள். தமிழ்நாட்டில் மட்டுமன்று, இந்தியாவிலேயே முதல் ஆசிரியர் நாள். அவ்வாண்டு மே மாதம் குடியரசுத் தலைவரான இராதாகிருட்டிணனின் பிறந்தநாள் அவ்வாறு கொண்டாடப்பட்டது அன்றுதான் தொடங்கியது. அம்பத்தூரைக் கடந்து செல்லும் அதே இருப்புப்பாதை வழியில், அரக்கோணத்துக்கு அப்பால் உள்ள திருத்தணிக்காரர் அவர் என்று பள்ளியில் பெருமையாகப் பேசினார்களாம். மாணவர்கள் ஆசிரியர்களுக்குப் பூக்கொடுக்கும் பரபரப்பில் இருந்தனர். பால்தூக்கோடு வந்த சிறுவன் உடற்பயிற்சி ஆசிரியரிடம் செய்தியைச் சொன்னான். அவர் முதலில் நம்பவில்லை. வேறு யாரிடமோ கேட்டு உறுதி செய்துகொண்டு வந்தபின், அலமாரியைத் திறந்து, ஆண்டில் ஓரிரு முறையே வெளியே வரும் தோற்பந்தை எடுத்துச் சிறுவர் கையில் கொடுத்தார்.

பூக்கொடுத்ததற்கு ஈடாகப் பந்து கிடைத்தது என்று தந்தையார் சிரித்தார். மாலையில், மழைக்கு முன் வற்றிக் கிடந்த ஏரியின் உட்புறத்தில், மேனாம்பேட்டுப் பையன்களும் கருக்குப் பையன்களும் ஆடினர். எவர் காலிலும் ஒன்றும் இல்லை. தோற்பந்தின் வார்முடிச்சில் மோதித் தந்தையாரின் வலக்காற் பெருவிரல் நகம் பெயர்ந்தது. குருதி நிற்கவில்லை; வீட்டுக்குப் போனால் திட்டு விழும் என்று மண்ணை அப்பிக்கொண்டு இருட்டும்வரை ஆடினாராம். அந்நகம் பின்னர்க் கோணலாகவே வளர்ந்தது. அதனைச் சிறுவயதுமுதல் பார்த்திருக்கிறோம். பட்டறையில் இரும்பு விழுந்த வடு என்றே எண்ணியிருந்தோம்.

இதைச் சொல்லிவிட்டு அவர் காலை நீட்டிக் காட்டினார். விழுப்புண்ணைப் பற்றி வகுப்பில் அத்தனை பேசியவர்க்கு, அதனைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

*

2024இல் ரஹீமின் வாழ்வை வைத்து 'மைதான்' என்னும் இந்திப் படம் வந்தது. தந்தையாருக்கு இந்தி தெரியாது. எனினும் வீட்டில் அமர்ந்து முழுவதும் பார்த்தார். செவி மங்கிவிட்டமையால் ஒலியைக் கூட்டி வைத்தோம். படம் முழுவதும் அவர் கேட்ட வினா ஒன்றே: "இதுல யாரு தங்கராசு?" காட்டினோம். இறுதிக் காட்சியில், திரையில் தங்கராஜ் பாய்ந்தபோது, தந்தையாரின் கைகள் நாற்காலியின் கைப்பிடியிலிருந்து ஓரங்குலம் எழுந்தன. 1986இல் எழுந்த உயரத்துக்கு அவை எழவில்லை.

படம் முடிந்ததும், "அந்த வாத்தியாரு பேரு என்ன சொன்னே?" என்று கேட்டார்.

"ரஹீம் சாகிப்."

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அவருக்கும் ஒரு பூ வச்சிருப்போம்" என்றார்.

ஏடுகளைப் பதிப்பிக்கும்போது உ.வே. சாமிநாதையர் தாம் தேர்ந்த பாடத்தை மேலே வைத்து, வேறு சுவடிகளிற் கண்ட பாடங்களைப் பாடபேதமென்று அடியிற் குறித்தார். ஒரு சுவடி தந்த பாடம் பிழையெனத் தோன்றினும், அதனை எழுதியவனுக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம் என்னும் மதிப்பு அதில் உண்டு. தவறான பாடத்தை மேலே ஏற்றவும் அவர் ஒருப்பட்டதில்லை. மாணவர்க்கு இந்நெறியைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். அதனை எம் வீட்டுக்குள் கடைப்பிடிக்க இத்தனை காலம் ஆயிற்று.

அடுத்த பருவத்தில் அப்புறப்பாடம் மீண்டும் வந்தது. மெஸ்ஸி சட்டைக்காரர் அதற்குள் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். புதிய மாணவர்க்கு இவ்வாறு சொன்னோம்: 1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா, இந்தியா 2, தென் கொரியா 1, பூட்ஸ் அணிந்த பதினொருவரை ஒரு பள்ளி ஆசிரியர் ஆட்டுவித்தார். பிறகு அதனடியில் ஒரு குறிப்பையும் சேர்த்தோம்: மறுநாள் மாலை, மேனாம்பேட்டு ஏரியுள், வெறுங்காலோடு இருட்டும்வரை ஆடினர், கணக்கு எவருக்கும் நினைவில்லை.